பவர் பட்டனை அழுத்தியும் மதர்போர்டு எழவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

"கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை" என்பது கேட்பதற்கு ஒரே புகார். உள்ளே பார்த்தால் எல்இடிகூட எரியாத போர்டு, எல்இடி எரிந்தும் பட்டனுக்கு அசையாத போர்டு, ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும் போர்டு, நாலு விநாடிக்கு ஒருமுறை விழித்து விழித்துத் தூங்கும் போர்டு என்று நாலைந்து விதம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பழுது இருக்கும் இடம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் முதலில் ராம், அப்புறம் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தை மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி), அப்புறம் போர்டு என்று வாங்கி மாட்டிப் பார்த்தால் காசுதான் கரையும். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் இருந்தால் மின்சாரம் எதுவரை வந்து நிற்கிறது என்று பார்த்துவிடலாம். நின்ற இடத்தை ஒட்டித்தான் பழுது இருக்கும்.

## மின்சாரம் வரும் வரிசை

சுவர் ஸ்விட்சைப் போட்டதுமே, பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பே, எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டேண்ட்பை மின்சாரத்தைக் கொடுக்கத் தொடங்கிவிடும். 24 பின் கனெக்டரில் அது ஊதா வயர், 9ஆம் பின். போர்டு இதை 3.3 வோல்ட்டாகக் குறைத்து சிப்செட் (போர்டின் முக்கியக் கட்டுப்பாட்டு சிப்), சூப்பர் ஐஓ சிப் (பவர் பட்டன் போன்ற சிறு வேலைகளைக் கவனிப்பது), நெட்வொர்க் சிப் ஆகியவற்றுக்குப் பங்கு வைக்கிறது. நேரம் காக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் அப்போதே துடித்துக்கொண்டிருக்கும்.

பட்டனை அழுத்தினால் ஃப்ரன்ட் பேனல் பின் ஒரு கணம் கிரவுண்டோடு (0 வோல்ட், கறுப்பு வயர்) சேர்கிறது. சூப்பர் ஐஓ அந்தச் செய்தியை சிப்செட்டுக்குக் கொண்டுபோகிறது. சிப்செட் சம்மதித்ததும் சூப்பர் ஐஓ பச்சை வயரை, அதாவது 16ஆம் பின்னை, கிரவுண்டுக்கு இழுக்கிறது. அதன் பிறகுதான் எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் லைன்களைத் திறந்துவிடும். அவை நிலைப்பட்டு 100 முதல் 500 மில்லிவிநாடிக்குள் சாம்பல் நிற வயரில், 8ஆம் பின்னில், "எல்லாம் சரி" என்று 5 வோல்ட் சிக்னல் வரும். ப்ராசசருக்கு வேண்டிய மின்னழுத்தத்தை விஆர்எம் (12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் போர்டின் பகுதி) கொடுக்க, ரீசெட் நீங்கி, ப்ராசசர் பயாஸை (போர்டை எழுப்பும் தொடக்க நிரலை) படிக்க ஆரம்பிக்கும்.

பட்டனுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, நடுவில் இரண்டு சிப்புகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். கீழே வரும் பாதிச் சோதனைகள் அதை வைத்துத்தான்.

## மீட்டரை எடுக்கும் முன்

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கியிருக்கும்; பிளக்கைப் பிடுங்கியதும் அது உடனே போய்விடாது.

ஓம் அளவும் கண்டினியூட்டியும் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எப்போதும் மின்சாரம் இல்லாத போர்டில்தான். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்து மிச்சத்தை வடித்துவிட்டு, 24 பின் கனெக்டரையும் ப்ராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் கனெக்டரையும் கழற்றிய பிறகே ஓம் பாருங்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அது மீட்டர் வயரின் சொந்த அளவு, கழித்துக்கொள்ள வேண்டும்.

வோல்ட் பார்க்க கனெக்டரைக் கழற்றத் தேவையில்லை. போர்டில் மாட்டியபடியே, வயர் நுழையும் பின்பக்கத்தில் முனையைச் செருகினால் உள்ளே உலோகத்தைத் தொடும். கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு வயர் துளையில் வைத்துவிட்டால் ஒரு கை போதும். 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் லைனும் ஸ்டேண்ட்பையும் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் லைன் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். இது தாண்டினால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம்.

## அறிகுறி: எதுவுமே இல்லை, போர்டில் எல்இடிகூட எரியவில்லை

கம்ப்யூட்டர் மாட்டியிருக்கும் சுவர் சாக்கெட்டில் வேறு ஒரு சாதனத்தை மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் உள்ள சிறிய ஸ்விட்ச் "I" என்று குறித்த பக்கம் இருக்கிறதா பாருங்கள். பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். இதைச் சொல்வதே கூச்சமாக இருக்கும், ஆனாலும் இங்கேயே முடிந்துபோகும் பழுதுகள் உண்டு.

இன்னொன்று: எல்லா போர்டிலும் ஸ்டேண்ட்பை எல்இடி கிடையாது. இருந்தாலும் பயாஸில் ஈஆர்பி மின்சேமிப்பு இயக்கப்பட்டிருந்தால் அணைந்தே இருக்கலாம். ஆகவே எல்இடி இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராமல் ஊதா வயரை அளந்துவிடுங்கள். மூன்று விதமான விடை வரும்.

போர்டில் மாட்டியிருக்கும்போது 5 வோல்ட் வருகிறது. எஸ்எம்பிஎஸ் தன் முதல் கடமையைச் செய்துவிட்டது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

கழற்றினாலும் 0 வோல்ட். எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது. ஸ்டேண்ட்பை இல்லாமல் பச்சை வயரை கிரவுண்டோடு சேர்க்கும் சோதனையும் வேலை செய்யாது. மாற்ற வேண்டியதுதான்.

கழற்றினால் 5 வோல்ட், மாட்டினால் 1 அல்லது 2 வோல்ட்டுக்கு விழுகிறது. இதுதான் கவனித்துப் பார்க்க வேண்டிய இடம். போர்டில் ஸ்டேண்ட்பை லைன் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டேண்ட்பை பகுதி தளர்ந்து சுமை தாங்காமல் இருக்கலாம். நல்லதென்று தெரிந்த வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டினால் பிரிந்துவிடும். அதிலும் விழுந்தால் குற்றவாளி போர்டு பக்கம்.

போர்டு பக்கம் என்று தெரிந்ததும் உடனே சிப்பைத் தேடாதீர்கள். முதலில் யூஎஸ்பி போர்ட்டுகளை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, நாலு தகடுகளும் வளைந்து உலோக உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் 5 வோல்ட் நேராக கிரவுண்டுக்குப் போகும். கேபினட்டின் முன்பக்க போர்ட்டுகளில்தான் இது அதிகம், கால் பட்டு, பென்டிரைவ் இடிபட்டு உடைந்திருக்கும். போர்டிலிருந்து முன்பக்க யூஎஸ்பி கேபிள்களை உருவிவிட்டு மீண்டும் அளந்தால் தெரிந்துவிடும். பின்பக்க போர்ட்டானால் மரக்குச்சியால் தகடுகளை மெல்லப் பிரித்துவிடலாம்.

யூஎஸ்பி சுத்தம் என்றால் அடுத்த சந்தேகம் நெட்வொர்க் சிப். இடி மழைக்குப் பிறகு செத்த போர்டு என்றால் முதல் சந்தேகமே அதுதான். நெட்வொர்க் கேபிள் வழியாக வந்த அதிர்ச்சி அந்தச் சிப்பைத் தாக்கி, 3.3 வோல்ட் ஸ்டேண்ட்பை லைனை உள்ளேயே ஷார்ட் ஆக்கிவிடும். ஸ்விட்சைப் போட்டு, பட்டனை அழுத்தாமல், ஒரு நிமிடம் கழித்து அந்தச் சிப்பின் முதுகில் விரலை வைத்துப் பாருங்கள். சுட்டால் பிடிபட்டது. விரலைவிட நல்ல வழி: ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை ஒரு துளி பரப்பினால் எந்த இடம் முதலில் உலர்கிறதோ அதுதான் சூடாகும் பாகம். நெட்வொர்க் சிப்பை ஹாட் ஏர் வைத்து எடுத்துவிட்டால் நெட்வொர்க் மட்டும் இல்லாமல் போர்டு எழுந்துவிடுவது உண்டு. தனி நெட்வொர்க் கார்டு போட்டுக்கொள்ளலாம். பட்டன் அழுத்தும் முன்பே சூடாவது சிப்செட் என்றால், அதை மாற்றத் தனி இயந்திரம் வேண்டும். அந்த போர்டில் நேரம் செலவிடுவது பெரும்பாலும் வீண்.

ஸ்டேண்ட்பை 3.3 வோல்ட் எங்கே அளப்பது? சுலபமான இடம் பயாஸ் சிப். எட்டுக் கால் கொண்ட சிறு சிப், மேலே 25 என்று தொடங்கும் எண் இருக்கும். ஒரு மூலையில் உள்ள புள்ளி 1ஆம் காலைக் காட்டும். அதே வரிசையின் கடைசிக் கால், 4, கிரவுண்ட். 1ஆம் காலுக்கு நேர் எதிரே உள்ளது 8, மின்சாரம் வரும் கால். பெரும்பாலான போர்டுகளில் ஸ்டேண்ட்பையிலேயே இங்கு 3.3 வோல்ட் நிற்கும். சில போர்டுகளில் 1.8 வோல்ட் சிப் இருக்கும். ஊதா வயரில் 5 வோல்ட் இருந்து இங்கே 0 என்றால், இடையில் உள்ள ரெகுலேட்டர் போயிருக்கலாம் அல்லது அதற்கு அப்பால் ஷார்ட்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்கும்போது இரண்டு பொறிகள் உண்டு. மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் (கேபிள்களைப் பெட்டியிலிருந்து கழற்றக்கூடியது) கேபிள்கள் போர்டு பக்கம் ஒரே மாதிரிதான், ஆனால் பெட்டிப் பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் மாறும். பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க், போர்டு எல்லாம் எரியும். பெட்டியோடு வந்த கேபிளைத்தான் மாட்ட வேண்டும். இரண்டாவது, பிராண்டட் கம்பெனிகளின் ரெடிமேட் கம்ப்யூட்டர்களில் 24 பின்னுக்குப் பதிலாக அவர்களின் சொந்த கனெக்டரோ, 12 வோல்ட் மட்டும் தரும் 10 பின் ஏடிஎக்ஸ்12விஓ கனெக்டரோ இருக்கலாம். அங்கே ஸ்டேண்ட்பையும் 12 வோல்ட்தான். மேலே சொன்ன நிறக் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது.

## அறிகுறி: எல்இடி எரிகிறது, பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை

முதல் வேலை கேபினட் பட்டனை வழக்கிலிருந்து விலக்குவது. ஃப்ரன்ட் பேனல் வயர்கள் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். 9 பின் உள்ள அந்தத் தொகுப்பில் ஒற்றைப்படை வரிசை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். 6, 8 இரண்டும் பவர் ஸ்விட்ச். 5, 7 ரீசெட். பெரும்பாலான போர்டுகளில் இதுதான் வரிசை, இருந்தாலும் போர்டின் மேல் அச்சிட்டதையோ கையேட்டையோ பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் 6ஐயும் 8ஐயும் அரை விநாடி சேர்த்துத் தொட்டு எடுங்கள். போர்டு எழுந்தால் பட்டன் பழுது. கேபினட்டின் ரீசெட் பட்டனைப் பவர் பட்டனாக மாற்றி மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது.

ரீசெட் பட்டன் உள்ளே சிக்கி அழுந்திய நிலையிலேயே நின்றிருந்தாலும் போர்டு எழாது, அல்லது எழுந்து அப்படியே உறைந்து நிற்கும். எல்லா வயரையும் உருவச் சொன்னது அதற்குத்தான்.

ஸ்க்ரூ டிரைவருக்கும் அசையவில்லையா? இப்போது மீட்டரை இப்படிப் பிடியுங்கள்.

1. 6, 8 பின்களில் ஒன்று கிரவுண்ட், மற்றதில் 3.3 வோல்ட் இருக்க வேண்டும். சில பழைய போர்டுகளில் 5 வோல்ட். எதுவும் இல்லை என்றால் ஸ்டேண்ட்பை பகுதியில் குறை. பயாஸ் சிப்பின் 8ஆம் காலுக்குத் திரும்பிப் போங்கள்.

2. மின்னழுத்தம் இருந்தால், இரண்டையும் சேர்க்கும்போது அது 0க்கு விழ வேண்டும், விட்டதும் ஏற வேண்டும். விழாவிட்டால் நீங்கள் தொட்டது வேறு பின்.

3. அடுத்து பச்சை வயர். அமைதி நிலையில் அதில் 3 முதல் 5 வோல்ட் இருக்கும். பின்களைச் சேர்த்த கணத்தில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே விழுந்து அங்கேயே நிற்க வேண்டும்.

மூன்றாவதின் விடைதான் திசை காட்டும். பச்சை வயர் விழுந்து நின்றும் ஃபேன் சுற்றவில்லை என்றால் போர்டு ஆணை கொடுத்துவிட்டது, எஸ்எம்பிஎஸ்தான் கேட்கவில்லை. பச்சை வயர் அசையவே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் நிரபராதி. சூப்பர் ஐஓவோ சிப்செட்டோ ஆணை தரவில்லை.

ஆணை வராததற்கு மிக எளிய காரணம் குழம்பிப்போன சீமாஸ் (பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) நிலை. பிளக்கைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியை எடுத்து, பவர் பட்டனை 15 விநாடி அழுத்தி, சீமாஸ் அழிக்கும் ஜம்பரை 10 விநாடி சேர்த்து வையுங்கள். ஜம்பர் இல்லாத போர்டில் பேட்டரி இல்லாமல் பத்து நிமிடம் விட்டால் போதும். மின் இணைப்போடு மட்டும் இதைச் செய்யாதீர்கள். பேட்டரி 3 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். பேட்டரி செத்தால் நேரம் மறந்துபோவதோடு போய்விடும் என்பதுதான் பொது வழக்கம், ஆனால் பேட்டரி தாழ்ந்தால் எழவே மறுக்கும் போர்டுகளும் இருக்கின்றன. ஒரு காசு பேட்டரி பெறுமானமுள்ள சந்தேகத்தைச் சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

அதன் பிறகும் அசைவில்லை என்றால் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பாருங்கள். அரிசி மணி அளவில் வெள்ளி நிற உருளையாகவோ சிறு செவ்வகமாகவோ பேட்டரிக்கும் சிப்செட்டுக்கும் அருகில் இருக்கும். அதன் காலில் திரவம் சிந்தி உப்புப் பூத்திருந்தாலோ, ஒரு கால் விட்டுப்போயிருந்தாலோ துடிப்பு நின்று போர்டு உறங்கியே கிடக்கும். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு முயலுங்கள். சூப்பர் ஐஓ மாற்றுவது சால்டரிங் கை தேர்ந்தவர்களுக்கான வேலை. அதே எண் கொண்ட சிப் வேண்டும்.

பச்சை வயரை நேரடியாக கிரவுண்டோடு சேர்த்து போர்டை வலுக்கட்டாயமாக எழுப்பிப் பார்க்கிறார்கள் சிலர். சிப்செட் சம்மதம் இல்லாமல் மின்சாரத்தை மட்டும் திறந்துவிடுவது அது. போர்டில் மாட்டாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் அந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்: பேப்பர் கிளிப்பால் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் இணைத்து, சுமைக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கோ கேபினட் ஃபேனோ மாட்டி, லைன்களை அளங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த ஃபேன் சுற்றாததை வைத்து அது செத்தது என்று சொல்லிவிடாதீர்கள். சூடேறும் வரை ஃபேனைச் சுற்றவிடாத மாடல்கள் நிறைய வந்துவிட்டன.

## அறிகுறி: ஃபேன் லேசாகத் துள்ளி உடனே நின்றுவிடுகிறது

இது ஏறக்குறைய எப்போதும் ஷார்ட். எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டைத் திறந்ததும் அளவுக்கு மீறிய கரண்ட் ஓடுகிறது, பாதுகாப்பு சர்க்யூட் வெட்டிவிடுகிறது. இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. முதல் தடவை ஃபேன் துள்ளும். இரண்டாவது தடவை பட்டனை அழுத்தினால் அதுவும் இருக்காது. பல எஸ்எம்பிஎஸ்கள் வெட்டிய நிலையிலேயே பூட்டிக்கொள்வதால் அப்படி. எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் உள்ள ஸ்விட்சை அணைத்து அரை நிமிடம் விட்டுத்தான் பூட்டு திறக்கும். எனவே "அசைவே இல்லை" என்று புகார் வந்தாலும், மின் இணைப்பு கொடுத்த பிறகான முதல் அழுத்தத்தைக் கண் இமைக்காமல் பாருங்கள்.

ப்ராசசர் 8 பின் கனெக்டரை மட்டும் உருவிவிட்டு, 24 பின்னோடு பட்டனை அழுத்துங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் ஓடினால் ஷார்ட் ப்ராசசரின் 12 வோல்ட் பாதையில், அதாவது விஆர்எம்மில். ப்ராசசருக்கு மின்சாரமே போகாததால் இந்தச் சோதனையில் ஆபத்து இல்லை. அப்போதும் துள்ளி நின்றால் ஷார்ட் வேறெங்கோ: கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகள், ஃபேன்கள் எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள்.

விஆர்எம் என்று தெரிந்தால் ஓம் நிலையில் அளக்கலாம். 8 பின் சாக்கெட்டில் நாலு பின்கள் 12 வோல்ட், நாலு கிரவுண்ட். இரண்டுக்கும் இடையே நல்ல போர்டில் நூற்றுக்கணக்கான ஓமோ அதற்கும் மேலோ காட்டும். சில ஓம் மட்டும் காட்டினால் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஒன்று போய்விட்டது, அல்லது உள்வழியில் உள்ள செராமிக் கெபாசிட்டர் ஒன்று ஷார்ட்.

அடுத்து 12 வோல்ட் பின்னுக்கும் ப்ராசசரைச் சுற்றியுள்ள காயில்களின் காலுக்கும் இடையே அளங்கள். இங்கே 0க்கு அருகில் காட்டினால் மேல்பக்க (12 வோல்ட் பக்கத்து) மாஸ்ஃபெட் ஷார்ட் என்று பொருள். அது போனால், ஒரு வோல்ட் சொச்சம் மட்டும் வாங்க வேண்டிய ப்ராசசருக்கு 12 வோல்ட் நேராகப் போயிருக்கும். ப்ராசசர் தப்பியிருக்கலாம், தப்பாமலும் இருக்கலாம்; அந்த போர்டில் வேறு நல்ல ப்ராசசரைப் போட்டுச் சோதிக்க மட்டும் கூடாது. இரண்டாவதும் பலியாகும்.

காயிலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓரிரு ஓம், சமயத்தில் அதற்கும் கீழே காட்டுவதைப் பார்த்துப் பதறிவிடுவார்கள். ப்ராசசர் மாட்டியிருக்கும்போது அது இயல்பு. சந்தேகமானால் ப்ராசசரை எடுத்துவிட்டு அளந்து ஒப்பிடுங்கள்.

8 பின்னில் இன்னொரு விபத்தும் நடக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6+2 பின் கனெக்டரும் 8 பின்தான், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிர்ப்புறமாக இருக்கும். துளை வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக நுழையாது. பலம் கொடுத்து அழுத்தினால் நுழைந்துவிடும், அதுதான் கெடுதல். கனெக்டர் உடலில் சிபியு என்று அச்சிட்டிருப்பதையும், க்ளிப் இருக்கும் பக்கம் மஞ்சள் வயர்கள் இருப்பதையும் பார்த்து மாட்டுங்கள். ஒரே நிறக் கறுப்பு வயர்கள் என்றால் அச்செழுத்து மட்டும்தான் துணை.

## அறிகுறி: ஆன் ஆகிறது, சில விநாடியில் ஆஃப், மறுபடி ஆன்

முதலில் பொறுமை. சீமாஸ் அழித்த பிறகோ புது ராம் போட்ட பிறகோ போர்டு ஒன்றிரண்டு தடவை தானே அணைந்து எழுவது வழக்கம்தான். டிடிஆர்5 ராம் உள்ள போர்டுகள் முதல் தடவை நினைவகத்தைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். அதற்குள் பிளக்கைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு கவலைப்படுங்கள்.

நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ராமில் தொடங்குங்கள். ஒரே ஒரு ராம், கையேடு சொல்லும் ஸ்லாட்டில். பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. அடுத்தது ப்ராசசர் சாக்கெட். இன்டெல் எல்ஜிஏ1700இல் 1700 மெல்லிய ஊசிகள், ஏஎம்டி ஏஎம்5இல் 1718. டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்தால் எல்லா ஊசி நுனிகளும் ஒரே வரிசையாக மின்னும். வளைந்தது மட்டும் மின்னாமலோ திசை மாறி மின்னியோ காட்டிக்கொடுக்கும். மெக்கானிகல் பென்சிலின் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழல் நுனியால் மெதுவாக நிமிர்த்தலாம். ஒரு தடவை நிமிர்த்தினால் தாங்கும், திரும்பத் திரும்ப ஆட்டினால் முறியும். ஏஎம்4இல் 1331 பின்களும் ப்ராசசரின் அடியில் இருக்கும், அங்கே பாருங்கள்.

கூலரை மிக இறுக்கினாலும் ஊசிகள் சில தொடர்பு விட்டுப்போகும். நாலு திருகையும் அரைச் சுற்று தளர்த்தியதும் போர்டு எழுந்தால் காரணம் அதுதான். குறுக்கு மூலை வரிசையில், சம அளவாக இறுக்குங்கள்.

ராமும் சாக்கெட்டும் சரி என்றால் கெட்டுப்போன பயாஸ். பின்பக்கத்தில் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டானால் ப்ராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றலாம்: எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவ், கையேடு சொல்லும் பெயருக்கு மாற்றிய கோப்பு, குறியிட்ட யூஎஸ்பி போர்ட், அவ்வளவுதான். விளக்கு சிமிட்டி முடியும்வரை கை வைக்காதீர்கள். பட்டன் இல்லையென்றால், சிப்பில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ ப்ரோகிராமரும் க்ளிப்பும் வேண்டும். 1.8 வோல்ட் பயாஸ் சிப்பாக இருந்தால் இடையே அடாப்டர் போடாமல் மாட்டாதீர்கள், சிப் எரிந்துவிடும். எதை எழுதும் முன்பும் உள்ளே இருப்பதைப் படித்து ஒரு பிரதி எடுத்துவையுங்கள். போர்டின் சொந்த நெட்வொர்க் முகவரி, வரிசை எண் அதில்தான் இருக்கும்.

சாம்பல் வயரையும் ஒரு தடவை பாருங்கள். மற்ற லைன்கள் சரியாக இருந்தும் அதில் 5 வோல்ட் வராமலோ தள்ளாடியோ இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

## அறிகுறி: வெளியே ஓடுகிறது, கேபினட்டில் போட்டால் எழவில்லை

கேபினட் தகட்டில் திருகும் பித்தளைக் கால்களை எண்ணுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சியிருந்தால், அது போர்டின் அடியில் ஏதாவது சால்டர் புள்ளியைக் குத்திக்கொண்டிருக்கும். விழுந்து காணாமல் போன திருகும் அங்கேதான் கிடக்கும். பின்பக்கத் தகட்டின் வளைந்த நாக்கு ஒன்று யூஎஸ்பி போர்ட்டுக்குள்ளே நுழைந்திருப்பதும் அடிக்கடி காண்பதுதான்.

வெளியே வைத்துச் சோதிக்கும்போது போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். கூடவே வரும் வெள்ளி நிற ஆன்டிஸ்டாட்டிக் பை வேண்டாம், அதன் மேற்பரப்பே ஓரளவு மின்சாரம் கடத்தும்.

## அறிகுறி: பட்டனைத் தொடாமலே ஆன் ஆகிறது

சுவர் ஸ்விட்சைப் போட்டதும் எழுந்தால் பயாஸில் மின்தடைக்குப் பின் ஆன் ஆகும் அமைப்பைப் பாருங்கள். அது அணைந்திருந்தும் எழுந்தால் பவர் பட்டன் சிக்கியிருக்கிறது. நாலு விநாடி கழித்துத் தானே அணைந்தால் சந்தேகமே வேண்டாம், அழுந்தியே இருக்கும் பட்டனுக்கு போர்டு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

## அறிகுறி: ஃபேன் எல்லாம் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு

இது பவர் பழுது இல்லை. போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறதோ அங்கே பாருங்கள். இல்லையென்றால் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி பீப் எண்ணலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: 8 பின் மாட்ட மறந்த போர்டும் சரியாக இப்படித்தான் ஃபேனைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

## அறிகுறி: பத்து தடவை அழுத்தினால் எழுகிறது, சூடான பிறகு சரியாக ஓடுகிறது

இது முதுமை. கெபாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் உலர்ந்துவிட்டால் குளிர்ந்த நிலையில் அவை ஒழுங்காக வடிகட்டாது. கொஞ்சம் சூடேறினால் தற்காலிகமாகச் சமாளிக்கும். காலையில் முரண்டு பிடித்து, ஒருமுறை எழுந்துவிட்டால் நாள் முழுக்க ஓடும் கம்ப்யூட்டருக்கு இதுதான் கதை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டேண்ட்பை பகுதியிலோ போர்டிலோ இருக்கலாம். ஊதா வயரில் 4.7, 4.6 என்று தாழ்ந்து ஏறினால் எஸ்எம்பிஎஸ். இரண்டாவது எஸ்எம்பிஎஸ்ஸிலும் அதே முரண்டு என்றால் போர்டு.

போர்டில் உள்ளதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். கெபாசிட்டரின் தலையில் உள்ள பிளவுக் கோடு தட்டையாக இருக்க வேண்டும். மேடு தட்டியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு இருந்தாலோ, அடியில் உள்ள ரப்பர் வெளியே தள்ளி உருளை சாய்ந்து நின்றாலோ போய்விட்டது. 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் இது கொள்ளைநோய் போலவே பரவியிருந்தது. அந்தக் காலத்துப் போர்டு என்றால் வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். பிறகு வந்தவற்றில் திட பாலிமர் கெபாசிட்டர்கள் என்பதால் குறைவு.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேதான். வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல். 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) வகை. பழையதற்கு எந்தப் பக்கம் கோடு இருந்தது என்று எடுக்கும் முன்பே படம் பிடித்துக்கொள்ளுங்கள். போர்டில் நிழலிட்ட பாதி எதிர்மின் பக்கம் என்பது பெரும்பாலும் சரி, ஆனால் தலைகீழாக அச்சிட்ட போர்டுகளும் உண்டு. கிரவுண்ட் கால் அகலமான செம்புப் பரப்போடு இணைந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டு உருகாமல் அடம்பிடிக்கும். அகலமான சால்டரிங் முனை, புது ஈயம் கொஞ்சம் சேர்த்து முதலில் ஈரப்படுத்துதல், இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிச் சூடாக்கி ஆட்டி ஆட்டி எடுத்தல் என்று போனால் வரும். இழுத்துப் பிடுங்கினால் துளைக்குள்ளே இருக்கும் செம்புக் குழல் காலோடு சேர்ந்து வந்துவிடும்; அதற்குப் பிறகு அந்தப் பக்க லைனுக்குத் தனி வயர் இழுக்க வேண்டியிருக்கும்.

மாற்றி முடித்ததும் உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். 12, 5, 3.3, ஸ்டேண்ட்பை நாலு லைன்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பார்த்து, எதிலும் ஷார்ட் இல்லை என்று தெரிந்த பிறகு, ராமும் கார்டும் இல்லாமல் முதல் அழுத்தத்தைக் கொடுங்கள்.